பழைய கியர் சைக்கிள்: சரி செய்வதா, சிங்கிள் ஸ்பீடாக மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். என்னிடம் பழைய எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் வகை சைக்கிள், இரண்டு உண்டு. ஒன்றை 21 கியரும் விழுகிற மாதிரி சரி செய்து வீட்டில் வைத்திருக்கிறேன். இன்னொன்றில் கியர் சமாச்சாரம் முழுவதையும் கழற்றிவிட்டு ஒரே பல்சக்கரத்தில் ஓடவிட்டிருக்கிறேன், அது முட்டத்தில் அக்கா வீட்டில் நிற்கிறது. இரண்டையும் பார்த்தவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்து வருஷமாகத் தொழுத்தில் சாய்ந்து கிடந்த கியர் சைக்கிள். எங்கிருந்து தொடங்குவது?

கியரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் ஒரு ஈரத்துணியால் ஃபிரேமைத் துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்திப் பாருங்கள். ஹேண்டில்பார் நுழைகிற குழாயோடு மற்ற குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ட்டில் மெல்லிய கோடு தெரிகிறதா, பெடல் கைகள் மாட்டியிருக்கும் கிராங்க் அச்சு இருக்கிற உருளையின் அடியில் துரு பொருக்காக உதிர்கிறதா என்று பாருங்கள். மழைத்தண்ணீர் குழாய் வழியாக இறங்கி அந்த உருளையில்தான் தேங்கும். மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். அப்படிப் போனால் அந்த ஃபிரேமுக்கு நல்ல டயர்கூட வாங்காதீர்கள். சீட் குழாய் ஃபிரேமோடு ஒட்டிப்பிடித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் துருவிளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட்டுத் திருக வேண்டும், அடித்து எடுக்கக் கூடாது.

அடுத்தது சக்கரம். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே கோட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நான் சின்ன வயதில் வேலை கற்றுக்கொள்ளப் போய் உட்காரும் கடையில் ஒரு பெரியவர் இருந்தார். கியர் பற்றி யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான்: “மக்களே, சக்கரம் நேரா நிக்காத வண்டிக்கு கியரு எதுக்கு?” அவர் சொன்ன வரிசையில்தான் இன்றைக்கும் நான் பார்க்கிறேன். ஃபிரேம், சக்கரம், சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப், கிராங்க் அச்சு, ஹேண்டில் கப், பிரேக், கடைசியில் கியர்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் ஒயர், பால்ஸ், கிரீஸ், கோட்டம் எடுக்கிற கூலி எல்லாம் நீங்கள் கியரை வைத்தாலும் ஆகிற செலவு, எடுத்தாலும் ஆகிற செலவு. பழைய வண்டியில் பெரும்பகுதிப் பணம் போவது அதில்தான். ‘சரி செய்வதா, மாற்றுவதா’ என்ற கேள்வி அதற்கு மேல் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைப் பற்றியது மட்டுமே.

கியர் ஒழுங்காக விழவில்லை, அதனால்தான் சிங்கிள் ஸ்பீடு ஆக்கலாம் என்று யோசிக்கிறேன். சரிதானே?

அந்தக் காரணத்துக்காக மாற்றாதீர்கள். ரொம்ப நாள் கிடந்த வண்டியில் கியர் விழாததற்கு முதல் காரணம் ஒயர்தான். உள்ளே ஓடும் கம்பி துருப்பிடித்து வெளிக்குழாயோடு உரசுகிறது. லீவரை அழுத்தினால் இழுக்கும், விட்டால் திரும்பி வராது. உள்கம்பி, வெளிக்குழாய் இரண்டையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள், கம்பியை மட்டும் மாற்றினால் பிரயோஜனம் இல்லை. இது சின்னச் செலவு. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே ஓட ஆரம்பித்தன.

அதற்கும் சரியாகவில்லை என்றால் டிரெய்லரைப் பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். டிரெய்லர் என்று நான் சொல்வது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற, இரண்டு குட்டிச் சக்கரம் தொங்குகிற அந்தப் பாகத்தை. அதன் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பின்பல்லுக்கு நேர் கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் வண்டி எப்போதோ வலதுபக்கம் விழுந்து அது மாட்டியிருக்கும் காது வளைந்திருக்கிறது. இரும்பு ஃபிரேமில் அதை நிதானமாக வளைத்து நேராக்கலாம். அலுமினியத்தில் வளைத்தால் உடைய வாய்ப்பு அதிகம், காதையே மாற்றுவது நல்லது.

அப்படியென்றால் எதை வைத்து முடிவெடுப்பது?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்து. வேறு எதை வைத்து முடிவெடுத்தாலும் ஆறு மாதத்தில் வண்டி மறுபடியும் தொழுத்துக்கே போகும்.

நம் மாவட்டம் சின்னது, ஆனால் சைக்கிள் சவுட்டுகிறவனுக்கு மூன்று வேறு ஊர்கள் ஒன்றாக இருக்கிற மாதிரி. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில், அதாவது நாஞ்சில் நாட்டில், வயலும் குளமும் வாழைத்தோப்பும் பெரும்பாலும் சமதளம். நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம், கொட்டாரம் வழியாகக் கன்னியாகுமரி போகிறவருக்கு ஒரு கியர் தாராளம். சொத்தவிளை, சங்குத்துறை, மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரமாகப் போகும் ரோடும் அப்படித்தான். அங்கே உப்புக்காற்றில் டிரெய்லரும் லீவரும் ஒயரும் படும் பாட்டைப் பார்த்தால், கெட்டுப்போக இடமே இல்லாத வண்டி எவ்வளவு நிம்மதி என்பது புரியும். முட்டம் வண்டியை நான் மாற்றியதும் அதனால்தான்.

கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்தால் கதை வேறு. மார்த்தாண்டம், கருங்கல், திருவட்டாறு பகுதியில் ரோடு நேராக இருக்காது, ஒவ்வொரு விளையைத் தாண்டும்போதும் ஒரு சின்ன ஏற்றம், ஒரு சின்ன இறக்கம். ஒவ்வொன்றும் பெரிதல்ல, ஆனால் பத்து கிலோமீட்டரில் இருபது வந்தால் கால் சொல்லிவிடும். இங்கே இளவயதுக்காரர் சிங்கிள் ஸ்பீடில் ஓட்டலாம், ஒரு தடவை எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடும். முட்டி வலி உள்ளவர், பின்னால் ரப்பர் ஷீட்டோ தேங்காயோ மீன்பெட்டியோ கட்டிக்கொண்டு போகிறவர் கியரைக் கழற்றவே கூடாது.

குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறைக்கோ, தடிக்காரன்கோணத்தில் இருந்து கீரிப்பாறைக்கோ போகிறவரா? விடிகாலையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரா? யோசிக்கவே வேண்டாம், கியரைச் சரி செய்யுங்கள்.

காற்றையும் கணக்கில் சேருங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் அவ்வளவு காற்றாலை நிற்பது சும்மா அல்ல. மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மலைக்கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் ஆரல்வாய்மொழியில் இருந்து நாகர்கோவிலுக்கு எதிர்த்து வருவது, இறக்கமே வராத ஒரு ஏற்றத்தில் ஏறுவதற்குச் சமம். தினமும் அந்த ரோட்டில் வருகிறவர் சமதளம்தானே என்று கியரை எடுத்துவிட வேண்டாம்.

சிங்கிள் ஸ்பீடும் ஃபிக்ஸியும் ஒன்றா?

இல்லை. ஃபிக்ஸியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சிங்கிள் ஸ்பீடில் பின்சக்கரத்தில் பல்லோடு சேர்ந்து திருகி ஏறுகிற ஃப்ரீவீல் என்ற பாகம் உண்டு, இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொண்டு வரலாம். நம் ஊர் இறக்கங்களுக்கும் பஸ்களுக்கும் ஃபிக்ஸியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கியரை எடுத்தால் ரேஞ்சர் சைக்கிள் மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதானே?

ஆமாம், அதில் என்ன குறை? எம்டிபி என்ற பெயரில் நம் நாட்டில் விற்ற சைக்கிள்களில் கியரே இல்லாதவை ஏராளம். தடித்த டயரும் நேர் ஹேண்டிலும் ஒரே பல்லுமாக அந்த வண்டிகள் எத்தனையோ வருஷம் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் ஓடின. அதனால் உங்களுக்கு ஒரு பெரிய லாபமும் உண்டு. கியர் ஃப்ரீவீல் திருகி ஏறுகிற மரையும், சாதாரண சைக்கிளின் 18 பல் ஃப்ரீவீல் ஏறுகிற மரையும் ஒரே அளவு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள் ஓடாத கிராமம் கிடையாது, அதற்கு ஃப்ரீவீல் விற்கிற கடையும் எல்லா ஊரிலும் உண்டு. அதையே வாங்கி உங்கள் எம்டிபியில் திருகிவிடலாம்.

கொஞ்சம் விலை கூடின வண்டிகளில் திருகுகிற ஃப்ரீவீலுக்குப் பதிலாக கேசட் இருக்கும், பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாக ஹப்பின் மேல் நழுவி ஏறும். அதில் இன்னும் சுலபம். ஒரு பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு மீதி இடத்தை வளையங்களால் நிரப்பினால் போதும்.

முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல்?

இதில்தான் பெரும்பாலானவர்கள் தப்புச் செய்கிறார்கள், வேகம் வேண்டும் என்று முன்னால் பெரிய பல்லை வைத்துவிட்டு முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளுகிறார்கள்.

கணக்கு எளிது. முன்பல்லைப் பின்பல்லால் வகுங்கள், அதை டயரின் சுற்றளவால் பெருக்குங்கள். பெடல் ஒருமுறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது கிடைத்துவிடும். 26 × 1.95 டயருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 2.05 மீட்டர். முன்னால் 38, பின்னால் 18 என்றால் ஒரு சுற்றுக்கு 4.3 மீட்டர், நிமிஷத்துக்கு 70 சுற்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம். 34க்கு 18 என்றால் 3.9 மீட்டர், அதே மிதிக்கு 16 கிலோமீட்டர். 34க்கு 20 என்றால் 3.5 மீட்டர், 15க்குச் சற்றுக் குறைவு. 42க்கு 18 வைத்தால் 4.8 மீட்டர், 20 கிலோமீட்டர் வேகம் வரும், ஆனால் அதைச் சமதளத்தில் காற்று இல்லாத நாளில்தான் வசதியாக மிதிக்க முடியும்.

வேகத்தில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். ஏற்றத்தில் முட்டிக்குத் தெரிகிற வித்தியாசம் அதைவிட மிகப் பெரிது. நாஞ்சில் நாட்டுக்கும் கடலோரத்துக்கும் 38க்கு 18, மேற்குப் பக்கம் 34க்கு 18 அல்லது 20 என்பது என் அபிப்பிராயம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: கியர் வண்டியில் முன்னால் 24, பின்னால் 28 போட்டால் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர்கூட வராது. மலை ஏறுவதற்கென்று இருந்த அந்தப் பல்லைத்தான் நீங்கள் கழற்றப் போகிறீர்கள்.

கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரே கியரில் ஓட்டிப் பாருங்கள். 14-28 என்கிற சாதாரண 6 அல்லது 7 கியர் ஃப்ரீவீலில் சின்னப் பல்லில் இருந்து எண்ணினால் மூன்றாவது பெரும்பாலும் 18 பல்தான், எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள். முன்னால் நடுச் சக்கரம், பின்னால் அந்த மூன்றாவது. ஏழு நாளும் லீவரைத் தொடாமல் வேலைக்கும் கடைக்கும் போய்வாருங்கள். ஒரு தடவைகூடக் கை லீவருக்குப் போகவில்லை என்றால் தைரியமாக மாற்றலாம். தினமும் ஒரே இடத்தில் கை போனால், அந்த ஏற்றம் இனி உங்கள் வாழ்க்கையில் எத்தனை நாள் வரும் என்று யோசியுங்கள்.

பழைய ஃப்ரீவீல் கழல மாட்டேன் என்கிறது.

நாம் மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும், அதனால் வருஷக்கணக்கில் ஓடின வண்டியில் கையால் திருகினால் வராது. ஃப்ரீவீலின் உள்வாயில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், அல்லது எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். அதற்குப் பொருந்துகிற கழற்றியை வாங்கி, அச்சு நட்டை வைத்து அது நழுவாமல் லேசாகப் பிடிக்கவைத்து, பெரிய வைஸில் கழற்றியைக் கவ்வவைத்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி இடதுபக்கமாகத் திருப்புங்கள். ஒரு ‘டக்’ சத்தத்தோடு விடும். விட்டவுடன் நட்டைத் தளர்த்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அச்சு முறியும்.

முட்டம் வண்டியை மாற்றும்போது நான் இதற்கு நேரமில்லை என்று ஒரு கடையில் கொடுத்தேன். உளியும் சுத்தியலும் வைத்து அடித்து எடுத்தார்கள், ஃப்ரீவீல் வந்தது, கூடவே ஹப்பின் மரையும் போனது. 36 கம்பியும் பிரித்து வேறு ஹப் போட்டுச் சக்கரம் கட்ட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கழற்றியை நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

பொருந்துகிற கழற்றி கிடைக்கவே இல்லை, ஃப்ரீவீலும் எப்படியும் வீண்தான் என்றால், அதைப் பிரித்தே எடுக்கலாம். முன்பக்கம் இரண்டு சின்னக் குழி உள்ள மூடி ஒன்று இருக்கும், அது இடதுமரை, வலதுபக்கம் திருப்பினால்தான் கழலும். பல்சக்கரங்கள் மொத்தமாக வெளியே வந்துவிடும், பால்ஸ் கொட்டும், அதனால் அடியில் ஒரு தட்டு வையுங்கள். மிச்சமிருக்கும் உள்வளையத்தை வைஸில் கவ்வவைத்துச் சக்கரத்தைத் திருப்பினால் கழன்றுவிடும். புதியதை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள், அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

பெடலுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: இடது பெடலும் இடதுமரைதான். தெரியாமல் எதிர்ப்பக்கம் பலங்கொண்ட மட்டும் திருகி கிராங்கைக் கெடுத்த வண்டிகள் நிறைய.

மாற்றிவிட்டேன், செயின் தொங்குகிறது. என்ன செய்வது?

பின்சக்கர அச்சு உட்காரும் வெட்டைப் பாருங்கள். அது படுக்கைவாட்டில் நீளமாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கினால் முடிந்தது. டிரெய்லர் ஃபிரேமின் காதில் மாட்டாமல் அச்சு நட்டோடு சேர்ந்த தனித் தகட்டில் மாட்டியிருந்தால், உங்கள் வண்டி பெரும்பாலும் இந்த வகைதான், வேலை பாதியாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறும், அதையும் திருத்துங்கள், கட்டை டயரில் உரசினால் ஒரே நாளில் டயர் கிழியும்.

வெட்டு மேலிருந்து கீழாக நேராக இருந்தால் சக்கரத்தை நகர்த்த முடியாது. அதற்கு டென்ஷனர் என்று தனிப்பாகம் விற்கிறார்கள், ஆனால் வாங்கத் தேவையில்லை. கழற்றப் போகும் அதே டிரெய்லரை ஒயர் இல்லாமல் அங்கேயே விட்டுவிட்டு, அதில் உள்ள இரண்டு எல்லை ஸ்க்ரூக்களையும் திருகி, குட்டிச் சக்கரங்கள் பின்பல்லுக்கு நேர் கீழே நிற்கும்படி வைத்தால் அதுவே செயினை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பார்க்க அழகில்லை என்பார்கள், ஆனால் செயின் விழாது.

தளர்வு எவ்வளவு இருக்கலாம் என்றால், நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம். பெடலைச் சுற்றிப் பார்த்து எந்த இடத்தில் மிகவும் இறுகுகிறதோ அங்கே அளங்கள், முன்னால் இருக்கிற பல்சக்கரம் ஒருபோதும் முழு வட்டமாக இருப்பதில்லை.

செயின் கோணலாக ஓடுகிறது, சத்தமும் வருகிறது.

ஒற்றை ஃப்ரீவீல் ஹப்பில் உள்பக்கமாக, கம்பிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அதனால் முன்னால் வெளிப்பக்கச் சக்கரத்தில் செயினைப் போட்டால் கோணலாகத்தான் ஓடும். நடுச் சக்கரத்தில் போடுங்கள். அதிலும் கோணல் தெரிந்தால் பின்அச்சில் வலதுபக்கம் இருக்கிற வளையம் ஒன்றை இடதுபக்கம் மாற்றி, ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கம்பியும் ஏறக்குறைய சமமான இழுப்புக்கு வருவதால் சக்கரம் முன்பைவிட உறுதியாகும்.

அப்புறம், செயினின் அகலம். கியர் செயின் உள்ளே 3/32 அங்குலம், சாதாரண சைக்கிள் செயின் 1/8 அங்குலம். 1/8 ஃப்ரீவீல் போட்டுவிட்டுப் பழைய கியர் செயினையே மாட்டினால் பல் உள்ளே நுழையாது. புதிய 1/8 செயின் வாங்குங்கள், அது முன்னால் இருக்கும் மெல்லிய கியர் பல்லிலும் நன்றாகவே ஓடும்.

முன்னால் மூன்று சக்கரமும் ரிவெட் அடித்து ஒட்டியிருந்தால் கழற்ற முயல வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். போல்ட் போட்டிருந்தால் வெளிச் சக்கரத்தை எடுத்துவிடலாம். எடுத்தபின் போல்ட் நீளம் மிஞ்சும், வாஷர் போட்டுத்தான் முறுக்க வேண்டும்.

கியரோடு வைத்துக்கொள்கிறேன். எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

செயினை அளங்கள். ஸ்கேலை வைத்து ஒரு பின்னின் நடுவில் இருந்து 24 பின் தள்ளி அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் கூடிவிட்டால் பின்பல்லும் அதே அளவுக்குத் தேய்ந்திருக்கும், புதுச் செயின் பழைய பல்லில் துள்ளும், இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பல்லின் முனை சுறாமீன் துடுப்பு மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அளக்கவே வேண்டாம்.

லீவர் ‘டிக் டிக்’ என்று விழுகிற வகையாக இருந்து உள்ளே கெட்டுப்போயிருந்தால், பின்னால் எத்தனை பல்சக்கரமோ அத்தனைக்கான லீவர்தான் வாங்க வேண்டும். 7 கியருக்கு 6 கியர் லீவர் ஒருநாளும் ஒழுங்காகப் பேசாது. மற்றபடி ஷிமானோ டூர்னி மாதிரி அடிப்படை வகையே இந்த வண்டிகளுக்குப் போதும், அதற்கு மேல் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இல்லையா?

இருக்கிறது, மேற்குப் பக்கத்துக்காரர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். முன்னால் ஒரே சக்கரம், பின்னால் 6 அல்லது 7 கியரும் அப்படியே. முன்னால் செயினைத் தள்ளுகிற முன்டிரெய்லர், இடதுகை லீவர், அதன் ஒயர் மூன்றும் போய்விடும், அடிக்கடி தொல்லை கொடுப்பவையும் அவைதான். முன்னால் 34, பின்னால் 14-28 என்றால் 34க்கு 28 என்பது ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர், மார்த்தாண்டம் பக்கத்து ஏற்றம் எதற்கும் போதும். பின்னால் 34 பல்வரை உள்ள ஃப்ரீவீலும் கிடைக்கிறது, அதற்குக் கை நீண்ட டிரெய்லர் வேண்டும். செயின் முன்னால் விழுந்துகொண்டே இருந்தால் பழைய முன்டிரெய்லரை ஒயர் இல்லாமல் வேலி மாதிரி அங்கேயே விட்டுவிடுங்கள்.

டயர் 26 என்று சொல்லி வாங்கினேன், ஏற மாட்டேன் என்கிறது.

26 × 1.95, 26 × 2.10 என்று புள்ளி போட்டு எழுதியிருப்பது எம்டிபி டயர், ரிம்மில் உட்காரும் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1 3/8 என்று பின்னமாக எழுதியிருப்பது லேடீஸ் சைக்கிள் வகை, விட்டம் 590. இரண்டுக்கும் பெயர் 26 தான், ஒன்று இன்னொன்றில் ஏறாது. பழைய டயரின் பக்கவாட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவர் முள்ளுமுள்ளாக இருக்கிற டயரை விட்டுவிட்டு வழவழப்பான 1.5 அல்லது 1.75 போடலாம். கியர் மாற்றுவதைவிட அதில் வண்டி லேசாவது நன்றாகத் தெரியும்.

கடற்கரையில் இருக்கிறேன். துருவுக்கு என்ன செய்ய?

நல்ல தண்ணீரில் துடைப்பது, எண்ணெய் விடுவது, இரண்டும் வாரம் ஒருமுறை. வேறு மந்திரம் கிடையாது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது, உப்புத்தாளில் ஒட்டுகிற அதே பொருள். எண்ணெய் சொட்டும் செயினில் அது ஒட்டிக்கொண்டால் பல்லை அரைத்தே தீர்த்துவிடும். எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றிவிட்டு, பிறகு வெளியே இருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கொஞ்ச நாளில் பிசினாகிவிடும். பைக்கில் இருந்து வடித்த கழிவு ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத்தூள் இருக்கும்.

நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். தென்மேற்கு முடிந்து ஒருமுறை, வடகிழக்கு முடிந்து ஒருமுறை ஹப்பையும் கிராங்க் அச்சையும் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது வைத்தால் பால்ஸ் பல வருஷம் வரும். பின்ஹப்பில் பக்கத்துக்கு 9, கால் அங்குல பால்ஸ் என்பது வழக்கம். எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

முன்னால் இருக்கிற ஷாக் வேலை செய்யவில்லை.

விலை குறைந்த வண்டியின் ஷாக்கில் உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும்தான், துருப்பிடித்தால் சரி செய்யப் பாகம் கிடைக்காது. சாதாரண நேர் ஃபோர்க் போட்டுவிடுங்கள். சக்கர அளவும் ஹேண்டில் குழாயின் தடிமனும் நீளமும் பொருந்த வேண்டும், பிரேக் மாட்டும் குமிழும் இருக்க வேண்டும். பழையதைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

கியரை எடுத்தால் பின்பிரேக்கும் எடுத்துவிடலாமா, பார்க்க நன்றாக இருக்குமே?

கூடாது. இரண்டு பிரேக்கும் வேண்டும், மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ஒரு பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

செலவில் எது குறைவு?

விலையை எழுதினால் அடுத்த மாதமே பழையதாகிவிடும், அதனால் விகிதமாகச் சொல்கிறேன். ஒயர் மட்டும்தான் போயிருக்கிறது என்றால் கியரைச் சரி செய்வதுதான் மலிவு. செயினும் பின்பல்லும் தேய்ந்து, டிரெய்லர், லீவர் இரண்டும் போயிருந்தால் சிங்கிள் ஸ்பீடு மிகவும் மலிவு, சாதாரண ஃப்ரீவீலும் செயினும் சேர்த்து வாங்குகிற காசு நல்ல கியர் ஃப்ரீவீல் ஒன்றுக்கே பத்தாது. வண்டியின் எடையும் ஒரு கிலோ பக்கம் குறையும். ஆனால் தினமும் மலையேறுகிறவருக்கு இந்த மலிவு உதவாது, அவருக்கு அந்தப் பணம் செலவழித்தே ஆக வேண்டியது.

கழற்றிய கியர் பாகங்களை ஆக்கர்க்கடையில் (பழைய இரும்புக் கடையில்) போட்டுவிடலாமா?

போடாதீர்கள். டிரெய்லர், லீவர், முன்டிரெய்லர், எடுத்த வளையங்கள், நீளப் போல்ட் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவி, ஒரே பையில் கட்டிவையுங்கள். எந்த வளையம் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அதற்குள்ளேயே போட்டுவிடுங்கள். அக்கா மகன் இப்போது முட்டம் வண்டியில் பள்ளிக்கூடம் போகிறான். அடுத்த வருஷம் குலசேகரத்துக்குப் படிக்கப் போகலாம் என்கிறான், போனால் அந்தப் பையை எடுத்து மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.